படித்துப் பார்த்துச் சம்மதித்தேன்

முதல் பெயர் மரகதவல்லி. எழுதிக்கொள்ளுங்கள் சார். தலைமையாசிரியை, அரசு நடுநிலைப் பள்ளி, செங்கமடை. அந்த அம்மாதான் முதலில் என்னைக் கெடுத்தது. இரண்டாவது ஜெனிட்டா டீச்சர். மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுதுவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

"மூணு வரியில விஷயத்தச் சொல்லுங்க பெரியவரே" என்கிறீர்கள். போன மாதம் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பாரே, நரைத்த மீசைக்காரர், அவரும் இதையேதான் சொன்னார். மூன்று வரியில் எழுதிக் கொடுத்தார். பதிலும் மூன்று வரியில்தான் வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டது. ஆணை ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்டுவிட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை. மனு எழுதுகிறவருக்கு முழுக்கதையும் தெரிந்தால்தானே சார் கலெக்டருக்குத் தெரியும்? டோக்கன் கூப்பிடப் பத்தரை ஆகும். நீங்கள் பேனாவை மூடி வைத்துக்கொண்டாவது கேளுங்கள்.

என் பெயர் தவசி. பருப்பு மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை சுமந்தவன். இங்கே தொட்டுப் பாருங்கள், தோளில், கட்டி மாதிரி. கட்டி இல்லை, காய்ப்பு. என் மகள் தூங்குவதற்கு இதைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மகள். அங்காளஈஸ்வரி. வீட்டில் ஈசு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். பிறந்த மூன்றாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு அறிவு மெதுவாகத்தான் வளரும் என்றார். மெதுவாக வளரட்டும் சார், நாங்கள் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவர்கள்தானே என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் போட்டோம். சேர்த்துக்கொண்டார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜெனிட்டா டீச்சர் வரும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் படித்த டீச்சர். சின்னப் பொண்ணு. நாலைந்து ஊருக்கு அது ஒன்றுதான், ஸ்கூட்டியில் சுற்றி வரும். மற்ற நாள் ஈசு எல்லாரோடும் உட்கார்ந்திருப்பாள். படிப்பு வந்ததா என்றால் வரவில்லை. ஆனால் ஒன்று வந்தது. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அத்தனை பேர் பெயரும் வரிசை மாறாமல் சொல்வாள். டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்னால் இவள் எழுந்து நின்று, "காளிராசு வரல. சோலையம்மா வரல. ரஹ்மத் வந்தாச்சு" என்பாள். ரஹ்மத் நிஷா அவளுடைய கூட்டாளி. ஒருநாள்கூடத் தப்பியதில்லையாம். ரிஜிஸ்டர் தப்பினாலும் ஈசு தப்ப மாட்டாள் என்று டீச்சர்களே சொல்வார்கள்.

மரகதவல்லி அம்மா மாற்றலாகி வந்தது ஈசு ஆறாம் வகுப்புக்குப் போனபோது. வந்த இரண்டாவது மாதம் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஈசு பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டாள். அப்போது வாசலுக்குக் கேட் கிடையாது, ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். மண்டிக்குப் போகிற ரோட்டில் நேராக நடந்து, பஸ் ஸ்டாண்டு முக்கில், நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பஸ் டிரைவர் பிரேக் போட்டு இறங்கி, தூக்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

எதற்கு மண்டிக்கு நடந்தாள் என்று கேட்கிறீர்களா? அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம். மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போய் அன்னாசித் துண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் விட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வதுதானே சார்? எந்தத் தகப்பன் சொல்லவில்லை? அன்றைக்கு லோடு வந்துவிட்டது. அதற்காக வாசலைத் தாண்ட விடலாமா? அத்தனை டீச்சர்கள் இருந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

மறுநாள் என்னை வரச் சொன்னார்கள். ஹெச்.எம். அறை. மரகதவல்லி அம்மா, ஜெனிட்டா டீச்சர், ஆறாம் வகுப்பு டீச்சர், பெற்றோர் கமிட்டி என்று இரண்டு பொம்பளைகள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அதுவரை அந்த அறையில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. டீ கொடுத்தார்கள். டீ கொடுக்கும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணே, இப்போதைக்கு ஈசு வீட்ல இருக்கட்டும். ஜெனிட்டா டீச்சர் வாரம் ரெண்டு நாள் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுப்பாங்க. இதுக்குன்னே திட்டம் இருக்கு. அவளுக்கும் பாதுகாப்பு, நமக்கும் நிம்மதி" என்றது மரகதவல்லி அம்மா.

இப்போதைக்கு. அந்த அம்மா வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம் சார்? கேட் போடுகிறவரைக்கும் என்றுதானே ஒரு மனுஷன் நினைப்பான்?

ஒரு தாளை நீட்டினார்கள். ஜெனிட்டா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, "ஐயா, நான் ஒரு தடவ படிச்சுக் காட்டவா?" என்றது.

அந்தக் கமிட்டிப் பொம்பளைகள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தி எங்கள் மண்டி முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

தாளை வாங்கினேன். மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். ஒரு ஆள் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வைத்திருந்தேன். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் சார். மண்டித் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தபோது செயலாளர் பழக்கிவிட்டது. சிலேட்டு வாங்கி ஒரு மாதம் எழுதினேன். மண்டியில் கைநாட்டு வைக்காத ஆள் நான் ஒருத்தன்தான், ஆமாம்.

அதைத்தான் அந்த அம்மா பயன்படுத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து படிப்பு சொல்லிக்கொடுத்த லட்சணத்தையும் சொல்கிறேன். முதல் மாதம் சரியாக வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று. முப்பது பிள்ளைகளாம், வண்டி ரிப்பேராம், ட்ரெய்னிங்காம். ஈசு தினமும் ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு நேரே நிற்பாள். நின்றுகொண்டு முப்பத்தொரு பேரையும் சொல்வாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஒவ்வொரு பேராகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். வந்தாச்சு என்பேன். எல்லாருக்கும் வந்தாச்சு, வந்தாச்சு. கடைசியாக, "ஈசு?" என்பாள். அதற்கு என்ன சொல்வது? ஒருநாள் பையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். கண்ணில் பட்டால்தானே நிற்பாள்.

மூன்று வாரம் கழித்து ஜெனிட்டா வந்தது. பொம்மை, வர்ணக் கட்டை எல்லாம் ஒரு பையில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாசலிலேயே மறித்துக்கொண்டு, "வந்துட்டுப் போனதா ரிஜிஸ்தர்ல எழுதிக்கத்தான வர்ற? எழுதிக்க. உள்ள வராத" என்றேன். "ஐயா, பிள்ளைக்காகவாவது விடுங்க" என்றது. ஈசு எனக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து அதன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். அன்றோடு அந்தப் பொண்ணு வரவில்லை. அப்புறம் விசாரணையில், பெற்றோர் அனுமதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. எப்படி இருக்கிறது பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை முகாமில் பரிமளாவைப் பார்த்தேன். தையல் கடை வைத்திருக்கிறாள். மகனுக்குக் காது கேட்காது. அவனுக்காக இரண்டு தடவை பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவள். நான் வரிசையில் நின்று சத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, வாயால பேசாதீங்க. வாயால பேசுறத அவங்க காத்துல விட்ருவாங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க, குடுத்ததுக்குச் சீல் போட்டு வாங்கிக்குங்க" என்றாள். "வீட்ல இருந்து படிக்கிறதா, பள்ளிக்கூடத்துல படிக்கிறதான்னு சொல்ல வேண்டியது நாம. அவங்க இல்ல. குடுத்த சம்மதத்தத் திருப்பி வாங்கவும் நமக்கு உரிமை இருக்கு."

அவளே உட்கார்ந்து எழுதினாள். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் மகளைப் பள்ளியில் அனுமதிக்கவும் என்று. மரகதவல்லி அம்மா வாங்கிச் சீல் போட்டுக் கொடுத்தது. பதிலே இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அங்கேயிருந்து, தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது என்று வந்தது. பிறகு முதன்மைக் கல்வி அலுவலருக்கு. அங்கேயிருந்து, பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரிலேயே மாணவி வீட்டுவழிக் கல்வியில் உள்ளார் என்று வந்தது. அப்படியானால் அந்தச் சம்மதக் கடிதத்தைக் கொடு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். இருபத்தெட்டாம் நாள் நகல் வந்தது.

அதைப் பரிமளா கடையில் வைத்துத்தான் பிரித்தோம். தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசித்தாள். கேளுங்கள், எனக்கு மனப்பாடம். "எனது மகள் அங்காளஈஸ்வரியின் உடல்நலம் கருதி, அவள் நிரந்தரமாக வீட்டுவழிக் கல்வியில் தொடர வேண்டுமென என் சொந்த விருப்பத்தின் பேரில் கேட்டுக்கொள்கிறேன். மாணவன் கௌதமனை இனி பள்ளி வளாகத்தில் அனுமதிக்குமாறு வற்புறுத்த மாட்டேன். இக்கடிதம் முழுவதையும் படித்துப் பார்த்துச் சம்மதித்தேன்."

பரிமளா நிறுத்தினாள். "யாருண்ணே கௌதமன்?"

எனக்கென்ன தெரியும்?

"பழைய பையன் ஒருத்தனுக்கு அடிச்ச கடுதாசி. மேல பேர மாத்தியிருக்காங்க, கீழ மாத்தல. படிக்கும்போது இதக் கேக்கலியா நீங்க?"

நான் மெஷின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், காஜா எடுத்துக்கொண்டிருந்த பொண்ணை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது நமக்கு நல்லதுதான். எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. சென்னைல மாற்றுத்திறனாளி ஆணையருக்கு மனுப் போடுவோம். ஒரே விசாரணைல முடிஞ்சிரும். அடுத்த மாசம் ஈசு பள்ளிக்கூடத்துல இருப்பா" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன்.

"அண்ணே..."

"தெரியும்னா தெரியும்."

தெரியாமல் இல்லை சார். மூட்டையில் போட்ட குறி எல்லாம் படிப்பேன். பஸ் போர்டு படிப்பேன். சாவகாசமாக உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டுவேன். படிக்கத் தெரியாதவன் என்று சர்க்கார் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஊரில் நான் எப்படி நடப்பது? என் மகளுக்குப் படிப்பு வராததற்குக் காரணம் அப்பன்தான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்?

அதனால் நான் என்ன சொன்னேன் என்றால், கையெழுத்து என்னுடையது, தாள் வேறு. நான் படித்தது வேறு தாள். மாற்றிவிட்டார்கள். அப்படித்தான் எழுது என்றேன். பரிமளா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும் எழுதினாள்.

முதல் விசாரணைக்குச் சென்னை போனோம். அதிகாரி அம்மா நிதானமானவர். தாளை மாற்றினார்கள் என்று சொல்கிறீர்களே, அப்படியானால் அதை விசாரிக்க வேண்டுமே என்றார். வட்டார அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றார். அது நாலு மாதம். அறிக்கையில், மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் விசாரிக்கச் சொல்லி மனு. அது ஐந்து மாதம். தப்பு செய்தவர்களையே விசாரிக்கச் சொன்னால் என்ன சொல்வார்கள்?

இதற்கிடையில் நான் மண்டி வேலையை விட்டுவிட்டேன். தினமும் காலையில் வாசலில் நின்று, பள்ளிக்கூடம் போகிற டீச்சர்களைப் பார்த்து நாலு வார்த்தை கேட்பேன். எங்கள் தெரு வழியாகத்தானே போக வேண்டும்? திருட்டுக் கும்பல், பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று கேட்பேன். ஊருக்கே தெரியட்டும் என்றுதான். ஈசுவும் பக்கத்தில் நிற்பாள். அவளுக்கென்ன புரியப் போகிறது?

அவள் பெயர் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தொன்று இருபதாயிற்று. அப்புறம் ஒன்பது. வரிசை மாறிப் போகும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள், பாதியில் நின்று சுவரைப் பார்த்து அழுவாள். நான் எடுத்துக் கொடுக்கலாம் என்றால் எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கடைசியில் ரஹ்மத் மட்டும்தான் மிச்சம். ஒருநாள் அதுவும் வரவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். போதும், அதை மனுவில் எழுத வேண்டாம்.

கடைசி விசாரணை. ஜெனிட்டா டீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சாட்சி. மரகதவல்லி அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதிகாரி கேட்டதும் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னது.

"மேடம், தாள யாரும் மாத்தல. ஆனா ஐயா அதப் படிக்கவும் இல்ல. படிக்கத் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தாள் பின்பக்கம் வெறுமையா இருந்தது. அதையும் திருப்பி அவ்வளவு நேரம் பாத்தாங்க. பின்னாடி ஏதாவது இருக்குமோன்னு பாக்குறவங்க கண்ணு அப்படி இருக்காது. எல்லார் முன்னாடியும் சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன். நான் படிச்சுக் காட்டியிருக்கணும். தப்பு எம்மேல."

அந்த அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள் சார். அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, "ஐயா, அவங்க சொல்றது சரியா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். பரிமளா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் உருவிக்கொண்டேன்.

அன்றைக்கே ஆணை. புரிந்து கொடுத்த சம்மதம் இல்லை, அதனால் அது செல்லாது. ஏழு நாளில் மாணவியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். வாசலில் கேட் போட வேண்டும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போட வேண்டும். பரிமளா வெளியே வந்து அழுதாள். "ஜெயிச்சிட்டோம்ணே" என்றாள். ஜெயித்ததா இது? என்னைத் துணியில்லாமல் நிறுத்தி ஜெயித்தது. அதனால்தான் ஜெனிட்டா பெயர் இரண்டாவதாக வருகிறது. சேர்த்து எழுதுங்கள்: பொது இடத்தில் அவமானப்படுத்தியமைக்காக.

சேர்க்கப் போன கதையைக் கேளுங்கள். புது யூனிஃபார்ம். ராக்கு, என் வீட்டுக்காரி, தலைவாரி ரிப்பன் கட்டிவிட்டாள். கேட் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மரகதவல்லி அம்மா வாசலுக்கே வந்து நின்றது. ரஹ்மத் நிஷா வளர்ந்து தாவணி மாதிரி துப்பட்டா போட்டு நின்றாள். "ஈசு!" என்று ஓடிவந்தாள்.

ஈசு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளுக்கு முழு வாக்கியம் வராது சார், இரண்டு மூன்று வார்த்தைதான் வரும். அன்றைக்குத் தெளிவாக வந்தது. "திருட்டுக் கும்பல். பிள்ளை பிடிக்கிற கும்பல். உள்ள வராத." மண்ணை அள்ளி மரகதவல்லி அம்மா மேலே போட்டாள். ரஹ்மத் மேலேயும் போட்டாள். பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். என் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூட்டையைவிடக் கனம்.

எப்படி வெறுக்க வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஐந்து வருஷத்துக்கு மேல் அவ்வளவு ஆசையாகப் போன பிள்ளை. இந்த வார்த்தையெல்லாம் அவள் எங்கே கற்றுக்கொண்டாள்? அங்கேதானே?

ராக்கு ஒன்று சொன்னாள் அன்றைக்கு. பிள்ளையைக் கழுவிவிட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நீங்க தெனமும் வாசல்ல நின்னு கத்துனதத்தான அவ சொன்னா" என்றாள். முப்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு வக்காலத்து. ஆறு மாதமாக நான் அவளோடு பேசுவதில்லை. அந்த மூன்றாவது பெயர் அதுதான். வேண்டாம், எழுதாதீர்கள். சோறு போடுகிறாள்.

அந்த வாரமே மரகதவல்லி அம்மா வீட்டுக்கு வந்தது. ஆரஞ்சுப் பழம் ஒரு பை. பாயில்கூட உட்காராமல் வெறுந்தரையில் உட்கார்ந்தது.

"தவசியண்ணே, தப்புதான். ரோட்டுல பிள்ள உக்காந்திருந்ததக் கேட்டதும் எனக்கு உசுரே போச்சு. பயத்துல பண்ணிட்டேன். உங்கள உக்கார வச்சு ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க. பிள்ளையத் தெனமும் வாசல் வரைக்கும் மட்டும் கூட்டிட்டு வாங்க. உள்ள வர வேணாம். நான் வந்து கூட உக்காந்துக்கிறேன். பத்து நாள்ல வரலாம், ஒரு மாசத்துல வரலாம். வருவா."

நான் கேட்டேன்: "இத எழுதிக் குடுப்பீங்களா?"

"எத?"

"நான் தப்புப் பண்ணினேன், தவசி மேல எந்தத் தப்பும் இல்லன்னு. கையெழுத்துப் போட்டு."

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "அண்ணே, எனக்கு ரிட்டையர்மென்ட் வருது. எழுத்துல குடுத்தா பென்ஷனே நின்னு போகும். அதான் நேர்ல வந்து சொல்றேனே."

பார்த்தீர்களா? நான் எழுத்தில் கொடுத்தது செல்லும், அந்த அம்மா கொடுத்தால் ஆபத்து. "எழுத்துல வந்தாத்தான் பேச்சு" என்று எழுந்துவிட்டேன். அப்போது ஈசு சுவரோரமாகவே நகர்ந்து வந்து, பையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த அம்மா ஒரு பழத்தை உரித்து நீட்டியது. கையிலிருந்து ஒரு சுளை வாங்கித் தின்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த அம்மா முழங்கையைத் தடவினாள். பழத்துக்கு மயங்குகிற பிள்ளை. நான் மிச்சத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறமும் ஆள் மேல் ஆள் வந்தது. பரிமளா வந்தாள். "அண்ணே, ஆணை கைல இருக்கு. கூட்டிட்டுப் போக வேண்டியது மட்டுந்தான் பாக்கி" என்றாள். அவளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை என்ன செய்கிறாள் என்றா கேட்கிறீர்கள்? இருக்கிறாள். சாப்பிடுகிறாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் போவதில்லை. பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. அப்பா என்பாள்.

சரி, எழுதுங்கள். என்ன எழுதினீர்கள், வாசியுங்கள்... "எனவே, எனது மகளைப் பள்ளியில் சேர்த்துப் பழக்கிட ஆவன செய்யுமாறு..." இல்லை சார். அதை அடியுங்கள். அது கோரிக்கையே இல்லை. அதற்குத்தான் ஆணை இருக்கிறதே. கோரிக்கை இதுதான்: மரகதவல்லி என்ற தலைமையாசிரியை, தான் செய்தது தவறு என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை ரிட்டையர் ஆக விடக் கூடாது. இந்த மாதக் கடைசியில் போகிறதாம். விட்டுவிட்டாலும் பரவாயில்லை, நான் அந்த அம்மா வீட்டு வாசலுக்குப் போவேன்.

ஏன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதிக் கொடுத்த மறுநாள் காலையில் நானே ஈசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன். அழுதாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி, வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? அவளுக்கு இப்போது பதினாலு நடக்கிறது. பதினெட்டு வயது வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் அவளை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று ஆணையிலேயே போட்டிருக்கிறதாம். இன்னும் நாலு வருஷம் முழுசாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கொடுக்க வேண்டியது அந்த அம்மாதான். ஒரே ஒரு வரி. கொடுக்கட்டும்.